காற்றும் கடலும் கைமாற்றிக்கொள்ளும் நஞ்சு

ஆசிரியர்களே, ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வகுப்பில் ‘கடல் மாசு’ என்று தலைப்புக் கொடுத்து, மனத்தில் தோன்றும் காரணங்களை இரண்டு நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். எண்ணெய்க் கசிவு, நெகிழிக் குப்பை, ஆலைக் கழிவுநீர். பெரும்பாலும் பட்டியல் இந்த மூன்றோடு நின்றுவிடும். மூன்றும் சரிதான். நிலத்திலிருந்தோ கப்பலிலிருந்தோ நேராகக் கடலில் விழுபவை. கண்ணால் பார்க்கலாம், படம் எடுத்துப் போடலாம்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது. அது காற்று. சில வேதிப்பொருள்கள் காற்றில் ஏறி, கடலில் இறங்கி, மறுபடியும் காற்றில் ஏறி, இன்னொரு கடலில் இறங்குகின்றன. குழாய் கிடையாது, கப்பல் கிடையாது, படம் எடுக்கவும் முடியாது. ஆனால், பூச்சிமருந்தே தெளிக்காத வடதுருவப் பகுதித் தாய்மாரின் பாலில்கூட இவை இருந்தன.

இந்தக் கட்டுரை அந்த நாலாவது வழியைப் பற்றியது. அறிவியல் பாடம் எடுக்காத மாணவர்களுக்கும் புரியணும் என்று நினைத்தே எழுதியிருக்கிறேன். கடைசிப் பகுதியில் கலைச்சொற்களும் பயிற்சி வினாக்களும் உள்ளன.

1. யார் இந்த ‘நீடித்த’ மாசுகள்?

இவற்றை ‘நீடித்த கரிம மாசுகள்’ என்கிறோம். கரிமம் என்றால் கார்பன் அணுக்களைக் கொண்ட சேர்மம். நீடித்த என்றால் எளிதில் சிதையாத என்று பொருள். வெயில், மழை, நுண்ணுயிர் என எது பட்டாலும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். பூச்சிக்கொல்லியான டிடிடி, மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பிசிபி, வயல்களில் தூவப்பட்ட எச்.சி.எச். ஆகியவை இவ்வகை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு குணங்கள் பொதுவாக உண்டு.

முதலாவது, சிதையாமை.

இரண்டாவது, கொழுப்பை நாடும் குணம். தண்ணீரில் இவை மிகக் குறைவாகவே கரையும். எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் மஞ்சள் நிறம் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுபோல, கடல்நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச மூலக்கூறும் மீனின் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, அரைகுறையாக ஆவியாகும் குணம். துணி அலமாரியில் வைத்த பாச்சை உருண்டை நாளாக நாளாகச் சிறுத்துப்போகும். உருகவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. மெல்ல மெல்லக் காற்றில் கலந்துவிட்டது. நம் மாசுகள் பாச்சை உருண்டையைவிட மெதுவாக ஆவியாகும். பெட்ரோல்போல் வேகமாக ஆவியாகிக் காற்றிலேயே தங்கிவிடுவதுமில்லை. உப்பைப்போல் ஒரே இடத்தில் கிடப்பதுமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்தான் ஏறவும் இறங்கவும் முடிகிறது.

நான்காவது, நச்சுத்தன்மை. நரம்பு மண்டலம், நோய் எதிர்ப்பாற்றல், கருவின் வளர்ச்சி ஆகியவற்றைப் பாதிக்கக்கூடியவை.

இந்த நான்கில் ஏதாவது ஒன்று இல்லாமல் போனாலும் கதை மாறிவிடும். சீக்கிரம் சிதைந்தால் தொலைவு போகாது. ஆவியாகாவிட்டால் காற்றில் ஏறாது. கொழுப்பை நாடாவிட்டால் நம் உடம்பில் சேராது.

2. மூடி திறந்த போத்தல் சொல்லும் பாடம்

காற்றும் நீரும் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது? இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். வாயு அடைத்த இனிப்பு நீர் போத்தல் ஒன்று போதும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே திறந்தால் மெல்லிய ‘உஸ்’ சத்தம். அதே போத்தலை வெயிலில் நின்ற காரில் வைத்திருந்து திறந்தால் நுரை பொங்கிச் சட்டையெல்லாம் நனையும். குளிர்ந்த நீர் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; சூடான நீர் கையை விட்டுவிடுகிறது.

1803-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி இதை விதியாக வகுத்தார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், நீரில் கரையும் வாயுவின் அளவு, நீருக்கு மேலே உள்ள அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதுவே ஹென்றி விதி. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் உண்டு. வெப்பநிலை மாறினால் அந்த எண்ணும் மாறும்.

எச்.சி.எச். வகைகளில் ஒன்றான ஆல்ஃபா எச்.சி.எச்.-ஐ எடுத்துக்கொள்வோம். காற்றும் நீரும் சமநிலைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பாகை செல்சியஸில், ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பதைப்போல் சில ஆயிரம் மடங்கு ஒரு கன மீட்டர் நீரில் இருக்கும். 0 பாகைக்கு இறக்கினால் அது பல்லாயிரம் மடங்காகிவிடும். நம்ம ஊர்க் கடலின் 30 பாகையிலிருந்து உறைநிலை வரை போனால், நீரின் பிடிமானம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடுகிறது.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பக் கடல் கைவிடும்; குளிர்க் கடல் கைப்பற்றும். மீதிக் கதையெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

3. எந்தப் பக்கம் நகரும்?

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். “சார், கடலில் பல்லாயிரம் மடங்கு இருக்கு, காற்றில் கொஞ்சம்தான் இருக்கு. அப்படின்னா கடலிலிருந்து காற்றுக்குத்தானே போகணும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பதிலுக்கு ஓர் உவமை. பழுக்கக் காய்ச்சிய ஆணி ஒன்றைக் குளத்தில் போடுகிறோம். குளத்து நீர் முழுவதிலும் உள்ள வெப்ப ஆற்றல் மிகப் பெரியது. ஆணியில் இருப்பது கொஞ்சம். ஆனாலும் வெப்பம் ஆணியிலிருந்து குளத்துக்கே போகும். யாரிடம் மொத்தம் அதிகம் என்பது கணக்கில்லை. யாருடைய வெப்பநிலை அதிகம் என்பதுதான் திசையைத் தீர்மானிக்கிறது.

வேதிப்பொருளுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. 1901-இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் அதற்கு ‘ஃபியூகாசிட்டி’ என்று பெயர் வைத்தார். தப்பி ஓடுதல் என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் ‘தப்பு நாட்டம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொனல்ட் மக்காய், 1970-களின் இறுதியிலிருந்து இந்தக் கருத்தைச் சுற்றுச்சூழல் மாசுக்குப் பொருத்திக் காட்டினார். கடல்நீரில் உள்ள மூலக்கூறின் தப்பு நாட்டம் காற்றில் உள்ளதைவிட அதிகமானால் அது மேலே ஏறும். குறைவானால் கீழே இறங்கும். இரண்டும் சமமானால் ஏறுவதும் இறங்குவதும் சமமாகி நிகர மாற்றம் நின்றுவிடும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கணும். திசை வேறு, வேகம் வேறு. திசையைத் தீர்மானிப்பது தப்பு நாட்ட வேறுபாடு. வேகத்தைத் தீர்மானிப்பவற்றில் காற்றின் வீச்சு முக்கியமானது. கடலின் மேற்பரப்பில் காற்றுப் பக்கம் ஒரு மெல்லிய படலம், நீர்ப் பக்கம் ஒரு மெல்லிய படலம் என இரண்டு இருப்பதாக அறிவியலாளர்கள் உருவகப்படுத்துகிறார்கள். மூலக்கூறு இந்த இரண்டையும் கடந்தாக வேண்டும். பலத்த காற்று அடிக்கும்போது படலங்கள் மெலிந்து, கடப்பது எளிதாகிறது. கடல்மேல் பனிப்பாளம் மூடிக்கொண்டால் கதவே சாத்திய மாதிரிதான்.

4. இறங்கும் வழிகளும் ஏறும் வழிகளும்

காற்றிலிருந்து கடலுக்கு இறங்க மூன்று வழிகள் உள்ளன. வாயு நிலையில் இருக்கும் மூலக்கூறு நேராக நீரில் கரையலாம். மழைத்துளி அதைக் கழுவிக்கொண்டு வரலாம். தூசி, புகைத்துகள் மீது ஒட்டிக்கொண்டு விழலாம்.

கடலிலிருந்து காற்றுக்கு ஏற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ஆவியாதல். மற்றொன்று கடல் தெறிப்பு: அலை உடையும்போது குமிழிகள் வெடித்து, நுண்ணிய துளிகள் காற்றில் பறக்கும். ‘என்றென்றும் அழியா வேதிப்பொருள்கள்’ என்று செய்திகளில் வரும் பெர்ஃபுளோரோ வகைச் சேர்மங்களில் சில, நீரில் கரைந்த நிலையில் ஆவியாவதில்லை. ஆனாலும் அவை குமிழிகளின் மேற்பரப்பில் திரண்டு, தெறிப்பில் ஏறிக் காற்றுக்குத் திரும்புகின்றன. கடலில் கலந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்ற எண்ணம் இங்கும் பொய்த்துப் போகிறது.

கடலுக்கு உள்ளேயும் ஒரு வழி உண்டு. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களான மிதவையுயிரிகள் இந்த மாசுகளை உடலில் சேர்த்துக்கொள்ளும். அவை இறந்து ஆழத்துக்குப் போகும்போது மாசும் கூடவே போகும். அதனால் மேல்நீரில் அளவு குறையும். காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்க இடம் கிடைக்கும்.

5. வெள்ளாற்று வயலிலிருந்து புறப்பட்ட பயணம்

தமிழ்நாட்டில் நெல் விளைவித்தவர்களுக்கு பி.எச்.சி. பவுடர் என்ற பெயர் நன்றாகத் தெரியும். அதுதான் எச்.சி.எச். உண்மையில் அது பல வகை மூலக்கூறுகளின் கலவை. பூச்சியைக் கொல்லும் வேலையை முக்கியமாகச் செய்வது காமா வகை. கலவையில் அது சிறு பங்குதான். பெரும்பங்கு ஆல்ஃபா வகை. அதாவது, தூவியதில் பெரும்பகுதி வேலைக்கு உதவாமல் சுற்றுச்சூழலில் சேர்ந்தது.

அந்த மருந்தெல்லாம் எங்கே போனது? இன்றைய கடலூர் மாவட்டத்தில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அந்தப் பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்களும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து காற்று, நீர், மண் மாதிரிகளை எடுத்துக் கணக்கிட்டார்கள். ஆய்வு 1991-இல் வெளியானது. ஆற்று வழியாகத்தான் பெரும்பகுதி கடலுக்குப் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? கணக்கு வேறு மாதிரி வந்தது. வயலில் இட்ட எச்.சி.எச்.-இல் 99 விழுக்காட்டுக்கும் மேல் காற்றுக்குப் போயிருந்தது. ஆறு கடலுக்குக் கொண்டுபோனது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். வெப்ப மண்டலம். சூடான வயல்நீர் கைவிட்டது.

காற்றில் ஏறியது வங்கக் கடல்மேல் பரவியது. ஒரு பகுதி இறங்கியது, மீண்டும் ஏறியது. பகலில் ஏறி, குளிர்ந்தால் இறங்கி, மறுபடி வெயில் பட்டால் ஏறி, இப்படித் தாவித் தாவிப் போவதால் இதற்கு ‘வெட்டுக்கிளி விளைவு’ என்று பெயர். ஒவ்வொரு தாவலிலும் குளிர்ந்த இடத்தை அடையும்போது தங்குவது அதிகம், ஏறுவது குறைவு. பல தாவல்களுக்குப் பிறகு, நம் வெப்ப நாடுகளில் தூவியதில் ஒரு பங்கு வடதுருவத்துக்குப் போய்ச் சேருகிறது. எச்.சி.எச்.-ஐத் தூவாத ஆர்க்டிக் கடலின் மேல்நீரில் ஆல்ஃபா எச்.சி.எச். உலகக் கடல்களிலேயே மிக அதிகச் செறிவில் இருந்தது இப்படித்தான்.

இதே கலவையிலிருந்த பீட்டா வகை வேறு பாதையில் போனது. அதை நீர் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் வட பசிபிக்கில் மழையோடு இறங்கியது, திரும்ப ஏறாமல், நீரோட்டத்தோடு பெரிங் நீரிணை வழியாக ஆர்க்டிக்கை அடைந்தது. ஒரே மூட்டையிலிருந்து வந்த இரண்டு மூலக்கூறுகள்: ஒன்று காற்றில், மற்றொன்று நீரில். ஹென்றி விதியின் அந்த ஓர் எண் பயணப் பாதையையே மாற்றிவிட்டது.

6. தடைக்குப் பிறகு திரும்பிய ஓட்டம்

சீனா 1983-இல் இந்தக் கலவையைத் தடை செய்தது. இந்தியா 1990-களில் கட்டுப்படுத்தி, 1997-இல் முற்றாகத் தடுத்தது. பலன் உடனே தெரிந்தது. ஆர்க்டிக் காற்றில் ஆல்ஃபா எச்.சி.எச். படிப்படியாகச் சரிந்தது.

நல்ல செய்திதான். ஆனால் கடலில் என்ன நடந்தது? பெரிங், சுக்சி கடல்களில் 1988-இல் எடுத்த அளவுகளையும் 1993-இல் எடுத்த அளவுகளையும் கனடாவின் லீசா ஜான்டுனென், டெர்ரி பிடில்மன் இருவரும் ஒப்பிட்டார்கள். 1988-இல் ஆல்ஃபா எச்.சி.எச். காற்றிலிருந்து கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. 1993-இல் திசை திரும்பிவிட்டது. கடல் அதைக் காற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தது.

ஆணி உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் ‘சூடாகவில்லை’, காற்று ‘குளிர்ந்துவிட்டது’. அதாவது காற்றில் செறிவு குறைந்ததால், அங்கே தப்பு நாட்டம் தாழ்ந்தது. கடலில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தது அப்படியே இருந்தது. வேறுபாடு தலைகீழானது, ஓட்டமும் தலைகீழானது. பணம் போட்டுவைத்த வங்கி, தேவை வந்தபோது திருப்பிக் கொடுக்கிற மாதிரி கடல் பழைய நஞ்சைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது.

சரி, காற்றில் இருப்பது பழைய கடல் நஞ்சா, யாரோ புதிதாகத் தெளித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. ஆல்ஃபா எச்.சி.எச். மூலக்கூறு இரண்டு வடிவங்களில் வரும். வலக்கால் செருப்பும் இடக்கால் செருப்பும் மாதிரி, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஆலையில் செய்யும்போது இரண்டும் சரிபாதி. ஆனால் நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றில் ஒன்றை மற்றதைவிட வேகமாகச் சிதைக்கும். ஆகவே பல ஆண்டுகள் கடலில் கிடந்ததில் சரிபாதி குலைந்திருக்கும். கடல்மேல் உள்ள காற்றிலும் அதே குலைவு தெரிந்தால், அது கடலிலிருந்து ஏறியது என்று அர்த்தம். பனி விலகிய ஆர்க்டிக் கடற்பகுதிகளின் காற்றில் அந்த அடையாளம் தெரிந்தது.

பனி விலகல் என்றதும் அடுத்த சிக்கலும் புரிந்திருக்கும். புவி சூடாகிறது. நீர் சூடானால் பிடிமானம் தளரும். பனிப்பாளம் விலகினால் சாத்திய கதவு திறக்கும். கனடாவின் அலர்ட், நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவிலுள்ள செப்பலின் ஆகிய காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் 1990-களிலிருந்து திரட்டிய அளவுகளை ஆராய்ந்து, 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. வெப்பநிலை உயர்ந்து பனி குறையக் குறைய, பல பழைய மாசுகள் ஆர்க்டிக் காற்றுக்குத் திரும்பி வருவதை அது காட்டியது. பருவநிலை மாற்றமும் வேதி மாசும் தேர்வுத்தாளில் இரண்டு தலைப்புகளாக வரலாம். கடலில் அவை ஒன்றாகத்தான் இருக்கின்றன.

7. தாய்ப்பால் வரை

இத்தனை கணக்கும் எதற்கு? கடல்நீரில் இந்த மாசுகளின் செறிவு மிக மிகக் குறைவு. அதைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் மிதவையுயிரி நீரிலிருந்து எடுக்கிறது. சின்ன மீன் ஆயிரக்கணக்கான மிதவையுயிரிகளைத் தின்கிறது. பெரிய மீன் சின்ன மீனை, கடல்நாய் பெரிய மீனை, மனிதர் கடல்நாயை. மாசு சிதையாது, கொழுப்பைவிட்டு நகராது. ஆகவே ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. இதுதான் உயிரியல் உருப்பெருக்கம்.

1980-களில் கனடாவின் கியூபெக் மாநில ஆய்வாளர் எரிக் டெவாய்லி, தாய்ப்பாலில் உள்ள மாசுகளை ஆராய்ந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ‘தூய்மையான’ குழு ஒன்று வேண்டும் என்று வடக்கே ஆலைகளற்ற நூனவிக் பகுதியில் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலையும் சோதித்தார். அவர்களுடைய பாலில் பிசிபி அளவு, தெற்கே நகரங்களில் வாழும் தாய்மாரின் பாலில் இருந்ததைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. கடல்நாய், திமிங்கிலக் கொழுப்பு அவர்களின் பாரம்பரிய உணவு. அந்தக் குளிரில் உயிர்வாழ வைப்பதும் அதுவே. தாய்ப்பாலின் நன்மைகள் பெரியவை என்பதால், பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி மருத்துவர்கள் அறிவுரை கூறவில்லை. ஆனாலும், தான் செய்யாத தவறு தன் பாலில் இருக்கிறது என்பதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

அந்த மக்களின் குரல் உலக மன்றத்தில் எடுபட்டது. 2001-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவானது. 2004-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 12 மாசுகள் பட்டியலில் இருந்தன. எச்.சி.எச். வகைகள் 2009-இல் சேர்க்கப்பட்டன. ஆர்க்டிக் பகுதியும் அதன் பூர்வகுடிகளும் தனி ஆபத்தில் இருப்பதை அதன் முகவுரையே எடுத்துச் சொல்கிறது. மலேசியா 2002-இல் கையொப்பமிட்டது. சிங்கப்பூர் 2005-இல் உறுப்பு நாடானது.

8. நம்ம பக்கத்தில்

எல்லை பார்க்காத காற்று நமக்குப் புதிதல்ல. 1997-லும் 2015-லும் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறியவர்கள் நாம். புகைமூட்டம் கண்ணை எரித்தது, பள்ளியை மூட வைத்தது. அதனால் எல்லாருக்கும் தெரிந்தது. இந்த மாசுகள் கண்ணை எரிப்பதில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களின் நடுவில் தீவைச் சுற்றியுள்ள கடல்நீரை ஆராய்ந்தார்கள். கடலின் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில், எண்ணெய்த்தன்மை உள்ள நுண்படலம் ஒன்று இருக்கும். சற்றுக் கீழே உள்ள நீரைவிட அந்தப் படலத்தில் பூச்சிக்கொல்லிகளும் பிசிபியும் கூடுதல் செறிவில் இருந்தன. கொழுப்பை நாடும் குணம் என்று முதல் பகுதியில் பார்த்தோமே, அதுதான் இங்கும் வேலை செய்கிறது. பல மீன் இனங்களின் முட்டைகளும் குஞ்சுகளும் மேற்பரப்பை ஒட்டித்தான் மிதக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெப்பக் கடல் கைவிடும் என்றோம். அப்படியானால் நம் வட்டாரம் பெரும்பாலும் அனுப்பும் இடம். வடதுருவம் பெற்றுக்கொள்ளும் இடம். இங்கே வெளியாகும் ஒன்று இங்கேயே தங்காது என்பது ஆறுதலா, பொறுப்பா? வகுப்பில் விவாதிக்கத் தகுந்த கேள்வி.

9. தேர்வறைக்கு எடுத்துச் செல்ல

முதலில் சொற்கள். ‘அளவு’, ‘செறிவு’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். அளவு மொத்தம், செறிவு ஒரு குறிப்பிட்ட கன அளவில் எவ்வளவு என்பது. ‘ஆவியாதல்’ என்பது நீருக்கு மட்டும் உரியதல்ல. திட, திரவப் பொருள் எதுவும் வாயுவாக மாறுவதைக் குறிக்கலாம். ‘சமநிலை’ என்றால் இரண்டு பக்கமும் ஒரே செறிவு என்று பொருளல்ல. ஏறுவதும் இறங்குவதும் சமம் என்று பொருள். ‘நிகர’ என்ற சொல்லையும் பழகிக்கொள்ளுங்கள். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். கழித்து மிஞ்சுவதே நிகர ஓட்டம்.

அடுத்து, கட்டுரைப் பத்தி. நாம் அடிக்கடி திருத்தும் வகை இது: “கடல் மாசடைவதால் மீன்கள் இறக்கின்றன. எனவே அரசாங்கம் கடுமையான நடவடிக்கை எடுக்க வேண்டும்.” பிழை இல்லை, ஆனால் எந்த மாசு, எப்படி, ஏன் என்று ஒன்றும் இல்லை. இதை இப்படி எழுதிப் பாருங்கள்:

“சில பூச்சிக்கொல்லிகள் வெப்ப நாடுகளின் வயல்களிலிருந்து ஆவியாகிக் காற்றில் பரவி, குளிர்ந்த கடல்களில் இறங்கித் தங்குகின்றன. அவை எளிதில் சிதையாததால், தடை விதித்த பிறகும் கடல் அவற்றை மெல்ல மெல்லக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. எனவே, ஒரு பொருள் பரவிய பின் தடுப்பதைவிட, சந்தைக்கு வருமுன் அது சிதையுமா, உடலில் சேருமா என்று சோதிப்பதே சிறந்தது.”

மூன்றே வாக்கியம். காரணம், விளைவு, தீர்வு மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. தீர்வும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. முன்னால் சொன்ன காரணத்திலிருந்தே வருகிறது. ஆசிரியர்கள் புள்ளி கொடுக்கத் தேடுவது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

பயிற்சி வினாக்கள்:

அ. 1988-க்கும் 1993-க்கும் இடையில் ஆல்ஃபா எச்.சி.எச்.-இன் ஓட்டம் திசை மாறியது ஏன்? (குறிப்பு: கடலில் கூடியதா, காற்றில் குறைந்ததா என்பதைத் தெளிவாக எழுதுக.)

ஆ. ஒரே கலவையில் இருந்த ஆல்ஃபா, பீட்டா வகைகள் வெவ்வேறு வழியில் ஆர்க்டிக்கை அடைந்தது எப்படி? (குறிப்பு: நீரின் பிடிமானம்.)

இ. உயர்நிலைச் சிந்தனை வினா: “தடை விதித்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.” இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? (குறிப்பு: முழுதாக மறுக்க வேண்டாம். தடைக்குப் பின் காற்றில் அளவு சரிந்தது உண்மை. கடலில் சேர்ந்தது தீர ஆண்டுகள் ஆகும் என்பதும் உண்மை. இரண்டையும் எடைபோட்டு முடிவுக்கு வருக.)

வகுப்பறை நடவடிக்கைக்கு, ஒரே மாதிரியான இரண்டு வாயு நீர் போத்தல்களை வாங்கி, ஒன்றைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றைச் சுடுநீரிலும் நிறுத்துங்கள். சுடுநீரில் வைப்பதன் மூடியை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். பொங்கும்போது விலகி நிற்கச் சொல்லுங்கள். பார்த்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதவைத்து, ‘செறிவு’, ‘வெப்பநிலை’, ‘சமநிலை’ ஆகிய மூன்று சொற்களும் பொருத்தமாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் திருத்துங்கள். நாற்பது நிமிடப் பாடத்துக்குச் சரியாக இருக்கும்.